அத்தாவின் அம்பாசிடரும் கியர் மாறும் வேகமும்



சர்க்கரை நோயால் காலை இழந்த பெரியவர் ஒருவரேனும் இல்லாத மஹல்லா இன்று அரிது. எங்கள் கள்ளக்குறிச்சிப் பள்ளிவாசலில் ஜும்ஆ தினத்தன்று ஸஃப்பின் ஓரத்தில் இடப்படும் நாற்காலிகள் ஆண்டுதோறும் கூடிக்கொண்டே போவதாக என் தம்பி சொல்வான். 2021-ஆம் ஆண்டு முதல் அவற்றுள் ஒன்று என் அத்தாவுக்கு உரியதாயிற்று. இடக்கால் முழங்காலுக்குக் கீழே எடுக்கப்பட்ட பிறகு, நின்று தொழ இயலாதவருக்கு மார்க்கம் தந்துள்ள சலுகையை அவர் மறுப்பின்றி ஏற்றுக்கொண்டார். ஆனால் காரோட்டும் இருக்கையை விட்டு நகர்ந்து அமர்வதை மட்டும் அவரால் ஏற்க இயலவில்லை.

அத்தா முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக வாடகைக் கார் ஓட்டியவர். கச்சிராயபாளையம் வழியாகக் கோமுகி அணையைக் கடந்து கல்வராயன் மலையேறும் சாலை அவருக்கு வீட்டு முற்றம் போன்றது. வெள்ளிமலைக்கும் கரியாலூருக்கும் ஆசிரியர்களையும் செவிலியர்களையும் ஏற்றிச் சென்றிருக்கிறார். மலையாளிப் பழங்குடி மக்களின் கல்யாண வீட்டாரை அழைத்துப் போயிருக்கிறார். பிரசவ வலி கண்ட பெண்களை நள்ளிரவில் கீழே இறக்கிக் கொண்டுவந்து மருத்துவமனை வாசலில் சேர்த்திருக்கிறார். அந்தப் பயணங்களுக்கு அவர் கூலி வாங்கியதில்லை என்பதை மலையிலுள்ளவர்கள் சொல்லித்தான் நாங்கள் அறிந்தோம்.

2001-இல் அவர் தமக்கென்று ஓர் அம்பாசிடர் வாங்கினார். மோரிஸ் ஆக்ஸ்போர்டு மூன்றாம் வரிசைக் காரின் வழியில் வந்து, மேற்கு வங்கத்தின் உத்தர்பாராவில் 1950-களிலிருந்து 2014 வரை தயாரிக்கப்பட்ட வண்டி அது. அத்தா வாங்கியது 1994-ஆம் ஆண்டு வண்டி. இசுசு நிறுவனத்தின் 1.8 லிட்டர் பெட்ரோல் எஞ்சினும் ஐந்து கியர்களும் கொண்டது. கால் போன பிறகும் வாரந்தோறும் அதைத் துடைத்து, எஞ்சினை ஓடவிட்டு, பின் அணைத்துவிட்டு உள்ளே வருவார். கிளட்ச் மிதிக்க இடக்கால் இல்லை.

ஒருநாள் இஷாவுக்குப் பின் அவர் சொன்னார்: “ஏம்மா, மலைக்கு ஒரு தடவை நானே ஓட்டிட்டுப் போகணும். ஏதாச்சும் வழி இருக்குமா?” அம்மா உடனே மறுத்தார்கள். அவர்களுடைய அச்சம் நியாயமானது. மலைச்சாலை பிழையை மன்னிக்காது. பள்ளியில் இயற்பியல் கற்பிக்கும் எனக்கு அத்தாவின் கேள்வி வேறு விதமாகப் பட்டது. வலக்கால் உறுதியாக இருக்கிறது. பார்வை சோதிக்கப்பட்டு நன்றாக இருக்கிறது. பாதத்தின் உணர்ச்சியையும் மருத்துவர் சோதித்துச் சரியென்றார். இல்லாதது கிளட்ச் மிதிக்கும் கால் ஒன்றே. கிளட்ச் மிதியே இல்லாத வண்டி என்றால் அத்தா ஓட்டலாம்.

கிளட்ச் இல்லாத புதிய கார்கள் இன்று சந்தையில் குறைவில்லை. நாங்கள் செலவிட்டதைவிடச் சற்றே கூடுதலான தொகையில் பழையதொன்றை வாங்கியிருக்கலாம். இதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அத்தாவிடம் கேட்டோம். “அதை நீங்க ஓட்டுங்க, நான் பக்கத்துல உட்கார்ந்துக்கறேன்” என்றார். தம் உழைப்பில் வாங்கிய வண்டியைத் தாமே செலுத்த வேண்டும் என்பதே அவர் விருப்பம். ஆகவே அம்பாசிடருக்கே ஆட்டோமேட்டிக் கியர்பெட்டி பொருத்துவதென்று முடிவாயிற்று.

இவ்வகைக் கியர்பெட்டிக்கும் கால் இழந்தவர்களுக்கும் உள்ள உறவு பழையது. முழுமையான ஆட்டோமேட்டிக் கியர்பெட்டியைப் பெருமளவில் தயாரித்து விற்றது அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ். ஹைட்ரமாட்டிக் என்ற பெயரில் 1939-இல் அறிவிக்கப்பட்டு, 1940-ஆம் ஆண்டு ஓல்ட்ஸ்மொபில் கார்களில் அது வந்தது. இரண்டாம் உலகப் போரில் கால் இழந்து திரும்பிய வீரர்களுக்கு இந்தக் கார்கள் பெரும் துணையாயின. அவர்கள் கார் வாங்குவதற்காக ஒவ்வொருவருக்கும் 1,600 டாலர் வரை வழங்க 1946-இல் அமெரிக்க நாடாளுமன்றம் சட்டம் இயற்றியது. சோம்பேறிகளின் வசதி என்று சிலர் இகழும் கருவி, எத்தனையோ பேரை வீட்டு வாசலுக்கு வெளியே கொண்டுவந்தது.

கியர்பெட்டி தேடுவதற்கு முன் சட்டத்தைத் தேடினோம். 1988-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52-ஆவது பிரிவில், தயாரிப்பாளர் குறித்துத் தந்த விவரங்களுக்கு மாறுபடும்படி வண்டியை உரிமையாளர் மாற்றக் கூடாதென்கிறது. கேரளத்திலிருந்து சென்ற வழக்கொன்றில் 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் இதை உறுதிப்படுத்தியது. அதே ஆண்டில் வந்த சட்டத் திருத்தம், உடற்குறை உடையவருக்காக மாற்றியமைக்கப்படும் வண்டியைத் தனி வகையாக வரையறுத்தது. அத்தகைய வண்டி அவராலோ அவர் பொருட்டோ மட்டுமே பயன்படுத்தப்பட வேண்டும். எனவே மருத்துவச் சான்று, மாற்றத்துக்கான அனுமதி, பதிவுச் சான்றில் குறிப்பு, ஓட்டுநர் உரிமத்தில் குறிப்பு, காப்பீட்டு நிறுவனத்துக்கு எழுத்து வழித் தகவல் என ஒவ்வொன்றாக முடித்தோம். சில மாதங்கள் ஆயின. “யாரு பார்க்கப் போறாங்க, மாட்டிட்டு ஓட்டுங்க பாய்” என்று கூறியவர்கள் உண்டு. சாலையில் எதிரே வருகிறவரின் உயிரும் நம் கையிலுள்ள அமானிதம் அல்லவா? விபத்தொன்று நேர்ந்து காப்பீடு செல்லாதென்றானால், அந்தக் குடும்பத்துக்கு நாம் என்ன பதில் சொல்வோம்?

கியர்பெட்டி, பழைய ஜப்பானியக் கார் ஒன்றிலிருந்து எடுக்கப்பட்டது. நான்கு கியர்கள். மின்னணு மூளை ஏதும் இல்லை. எந்த வேகத்தில் எந்தக் கியர் என்பதை எண்ணெயின் அழுத்தமே முடிவு செய்யும். வேறோர் ஊரிலுள்ள பட்டறையில் அதை எங்கள் எஞ்சினோடு இணைத்துக் கொடுத்தார்கள். இணைப்புத் தட்டு, ஷாஃப்ட், கியர்பெட்டியின் தாங்கி யாவும் ஒழுங்காகவே இருந்தன. வண்டி வெண்ணெய் போல ஓடியது. கியர் மாறுவதே தெரியவில்லை. அத்தாவின் முகத்தில் மட்டும் நிறைவில்லை.

“ரொம்பச் சீக்கிரம் மாறுதும்மா. வண்டிக்கு மூச்சு முட்டுது” என்றார்.

மணிக்கு 22 கிலோமீட்டரில் இரண்டாம் கியரும், 36 கிலோமீட்டரில் மூன்றாம் கியரும் விழுந்தன. சமதளத்தில் அதைத் தாங்கிக்கொள்ளலாம். நான் ஓட்டுநர் இருக்கையிலும் அத்தா என் பக்கத்திலுமாகக் கோமுகி அணைக்கு மேலே சிறிது தூரம் ஏறிப் பார்த்தபோது சங்கடம் வெளிப்பட்டது. வளைவில் வேகம் குறைகிறது. மிதியை அழுத்தினால் முதல் கியருக்கு இறங்குகிறது. வண்டி சற்று எழும்பியதும் இரண்டாம் கியருக்குத் தாவுகிறது. உடனே எஞ்சின் தளர்கிறது. மறுபடி மிதி, மறுபடி இறக்கம். அரைக் கிலோமீட்டருக்குள் ஏழெட்டு முறை இவ்வாறு நிகழ்ந்தது. திரும்பி வந்து அளவுகோலை உருவிப் பார்த்தோம். செந்நிறமாக இருந்த எண்ணெய் பழுப்பேறியிருந்தது. லேசான தீய்ந்த வாடையும் வீசியது.

அத்தாவின் பழைய நண்பரான மேஸ்திரி ஒருவர் ஊருக்கு வெளியே பட்டறை வைத்திருக்கிறார். அவரிடம் போனோம். எண்ணெயை விரலில் தொட்டு முகர்ந்தார். கார்புரேட்டர் அருகே குனிந்து ஒரு கேபிளைத் தூக்கிப் பிடித்தார். அது தொளதொளவென்றிருந்தது. “மெதுவா மாறணும்னு இதை லூஸாக்கி வச்சிருக்காங்க டீச்சர். வாடிக்கைக்காரர் மனசு குளிரும். கியர்பெட்டி உள்ள வேகும்” என்றார்.

அந்தக் கேபிளின் வேலையைப் புரிந்துகொண்டால் எல்லாம் விளங்கிவிடும். கியர்பெட்டிக்குள் கியர் மாற்றும் வால்வ் ஒன்று இருக்கிறது. அதை ஒரு கதவென்று வைத்துக்கொள்வோம். ஒருபுறமிருந்து வேகம் தள்ளுகிறது. மறுபுறமிருந்து சுமை தள்ளுகிறது. வேகத்தின் சார்பில் தள்ளுவது கவர்னர் என்னும் உறுப்பு. கியர்பெட்டியின் வெளிவரும் ஷாஃப்ட்டோடு சேர்ந்து சுழலும் சிறு எடைகள் அதில் உண்டு. வண்டி விரைய விரைய அவை வெளிநோக்கி விரிந்து எண்ணெய் அழுத்தத்தை உயர்த்தும். சுமையின் சார்பில் தள்ளுவது இந்தக் கேபிள். ஓட்டுநர் மிதியை அழுத்தும்போது கார்புரேட்டரோடு கேபிளும் இழுபட்டு, எதிர்ப்பக்க அழுத்தத்தை ஏற்றும். ஸ்பிரிங் ஒன்றும் அதற்குத் துணை நிற்கும். வேகத்தின் அழுத்தம் இவ்விரண்டையும் வெல்லும் கணத்தில் கதவு நகர்ந்து மேல் கியர் விழும்.

எனவேதான் மென்மையாக மிதித்தால் கியர் விரைவில் மாறுகிறது, அழுத்தி மிதித்தால் தாமதமாக மாறுகிறது. கேபிளைத் தளர்த்திவிட்டால், சுமை எவ்வளவு இருந்தாலும் இல்லாததாகவே கியர்பெட்டி எண்ணிக்கொள்ளும். இன்னொன்றும் நடக்கும். உள்ளேயுள்ள கிளட்ச் தட்டுகளை இறுக்கிப் பிடிக்கும் எண்ணெய் அழுத்தத்தையும் அதே கேபிள்தான் கூட்டுகிறது. அது தளர்ந்தால் பிடியும் தளரும். ஏற்றத்தில் தட்டுகள் வழுக்கும். வழுக்கினால் சூடேறும். சூடேறினால் கருகும். வாடிக்கையாளர் பாராட்டிய மென்மை, உண்மையில் தட்டுகள் வழுக்கி வழுக்கிப் பிடித்ததன் விளைவு.

எண்ணெயை மாற்றி, அடித்தட்டைக் கழற்றிப் பார்த்தோம். கரித்தூள் சிறிதளவே இருந்தது. தட்டுகள் தப்பியிருந்தன, அல்ஹம்துலில்லாஹ். அதன்பின் ஒரு நோட்டுப் புத்தகம் வாங்கினேன். மேஸ்திரி ஒரு நிபந்தனை விதித்தார்: ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். மாற்றியதை எழுத வேண்டும். ஓட்டிப் பார்த்து, விளைவையும் எழுதிய பின்னரே அடுத்ததைத் தொட வேண்டும். வகுப்பறையில் நான் ஆண்டுதோறும் சொல்வதையே ஸ்பானர் பிடித்த கையோடு அவர் சொன்னார்.

முதலில் கணக்கு. கவர்னருக்குச் சாலை தெரியாது, ஷாஃப்ட்டின் சுழற்சி மட்டுமே தெரியும். பின் ஆக்சிலின் விகிதமும் டயரின் சுற்றளவும் மாறினால், ஒரே சுழற்சி வேறு வேகத்தைக் குறிக்கும். கியர்பெட்டி வந்த ஜப்பானியக் காரின் ஆக்சில் விகிதம் 3.9, டயர் சுற்றளவு சுமார் 1.93 மீட்டர். எங்கள் வண்டியின் பின் சக்கரங்கள் இரண்டையும் தூக்கி நிறுத்தி, இரண்டையும் ஒன்றாக ஒரு சுற்றுச் சுற்றி, ஷாஃப்ட் எத்தனை சுற்றுகிறதென்று சுண்ணக்கட்டியால் கோடிட்டு எண்ணினோம். நாலரைச் சுற்றும் சற்றே கூடுதலும் வந்தது, அதாவது 4.55. எங்கள் 15 அங்குல டயரின் சுற்றளவு ஏறத்தாழ 2.1 மீட்டர். கணக்கிட்டால், அந்தக் காரில் 50 கிலோமீட்டரில் நிகழும் கியர் மாற்றம் எங்கள் வண்டியில் 47 கிலோமீட்டருக்குச் சற்று முன்பே நிகழும். ஆக்சிலால் வந்த வேறுபாட்டில் பாதியைப் பெரிய டயர் ஈடுகட்டியிருந்தது. அத்தா இந்தக் கணக்கை இரண்டு முறை சொல்லச் சொல்லிக் கேட்டார். பிறகு, “அப்போ கோளாறு பெருசு இல்லை” என்றார்.

அடுத்தது கேபிள். மிதியை முழுவதும் அழுத்தும்போது கார்புரேட்டர் முழுவதும் திறக்கிறதா என்பதை முதலில் பார்க்க வேண்டும். அது திறக்காமல் கேபிளைச் சரிசெய்வதில் பொருளில்லை. எங்கள் வண்டியில் தரைவிரிப்பு மிதியைத் தடுத்துக்கொண்டிருந்தது. அதை வெட்டி எடுத்தோம். முழுவதும் திறந்த நிலையில், கேபிளின் உறை முனைக்கும் அதில் பதித்திருக்கும் சிறு மணிக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்கு மேல் இடைவெளி இருக்கக் கூடாது. எங்களுடையதில் விரல் நுழையும் அளவுக்கு இடைவெளி இருந்தது.

அதைச் சரிசெய்ததும் வேறொரு குறை தெரிந்தது. கார்புரேட்டரில் கேபிளை மாட்டியிருந்த நெம்பு கட்டையாக இருந்தது. முழுவதும் திறந்தாலும் கேபிள் உரிய நீளத்துக்கு இழுபடவில்லை. நெம்பின் நீளத்தைக் கூட்டி மேஸ்திரி புதிய தகடொன்றை அறுத்துப் பொருத்தினார். அழுத்தமானியைக் கியர்பெட்டியின் சோதனைத் துளையில் இணைத்து, மிதியை அழுத்த அழுத்த முள் சீராக ஏறுகிறதா என்று பார்த்தார். முள் சீராக ஏறியது.

ஃபஜ்ருக்குப் பின், கரும்பு டிராக்டர்கள் கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலையை நோக்கிப் புறப்படுவதற்கு முன், சின்னசேலம் செல்லும் சாலையில் சோதனை ஓட்டம். மேஸ்திரி ஓட்டினார், நான் எழுதினேன், அத்தா பின்னிருக்கையில் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். அரை மிதியில் முதல் மாற்றம் 30 கிலோமீட்டரிலும் அடுத்தது 52-இலும் நிகழ்ந்தன. முழு மிதியில் 46-இலும் 82-இலும். கியர் விழும்போது இப்போது ஒரு சிறு தட்டு உணர முடிந்தது. நான் எழுதுவதற்கு முன்பே அத்தா ஒவ்வொரு முறையும் “இப்போ” என்றார். ஓர் இடத்தில்கூட அவர் காது தவறவில்லை.

சமதளத்துக்கு இது போதும். மலைக்குப் போதுமா? கணக்கு இன்னும் சிறிது வேண்டுமென்றது. வளைவுகளில் நாம் 30 கிலோமீட்டர் வேகத்தில் ஏறுகிறோம். அந்த வேகத்தில் முதல் கியரில் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 2,650 சுற்று சுற்றும். இரண்டாம் கியரில் சுமார் 1,570 மட்டுமே. ஆளும் சுமையும் ஏற்றிய வண்டியை 1,570 சுற்றில் எஞ்சின் மேலே இழுக்காது. ஆகவே அழுத்தி மிதித்திருக்கும் வரை முதல் கியரையே பிடித்து நிற்க வேண்டும். முழு மிதியில் மாற்றம் 50 கிலோமீட்டரை ஒட்டி நிகழ்ந்தால், முக்கால் மிதியில் அது 40-ஐ ஒட்டி நிற்கும். அப்போது 30 கிலோமீட்டர் வேகத்தில் தாவல் இராது.

கேபிளை மேலும் இறுக்கினால் ஆகாதா என்று கேட்டேன். மேஸ்திரி மறுத்தார். கேபிளின் அளவு அழுத்தத்துக்காக வகுக்கப்பட்டது. அதை இறுக்கினால் மென்மையாக ஓட்டும்போதும் கியர் அடித்து விழும், மூட்டுகள் தேயும். நேரத்தை மாற்ற வேண்டுமானால் கவர்னரிடம் போக வேண்டும். அவர் கவர்னரைக் கழற்றி, மாற்றாக வாங்கி வைத்திருந்த இன்னொரு கவர்னரின் எடைகளை மட்டும் அரத்தால் தேய்த்தார். எடை குறைந்தால் அதே வேகத்தில் அழுத்தமும் குறையும், கியர் தாமதமாக மாறும். கடைவீதியில் நகைத் தராசு வைத்திருக்கும் தட்டார் ஒருவரிடம் நான்கு முறை போய் நிறுத்து வந்தோம். தங்கமல்லாத ஒன்றை இத்தனை கவனமாக நிறுத்தது இதுவே முதல் முறை என்று அவர் சிரித்தார். அசல் கவர்னர் தொடப்படாமல் துணியில் சுற்றி வைக்கப்பட்டது. தேய்த்ததைத் திரும்ப ஒட்ட முடியாது என்பதால் இந்த ஏற்பாடு.

மூன்றாம் முயற்சியில் முழு மிதியில் 50-உம் 89-உம் வந்தன. எண்ணெய்க்குத் தனிக் குளிர்விப்பானும் வெப்பமானியும் பொருத்தினோம். அதன்பின் மலைக்குப் புறப்பட்டோம். இம்முறையும் நான்தான் ஓட்டினேன். வளைவுக்கு வளைவு முதல் கியர் அசையாமல் நின்றது. மரவள்ளி வயல்கள் கண்ணில் படும் மேட்டுநிலம் வந்ததும் தானாக இரண்டுக்கும் மூன்றுக்கும் ஏறியது. கரியாலூரில் நிறுத்தி வெப்பமானியைப் பார்த்தோம். முள் எல்லைக்குள்ளேயே இருந்தது.

ஆட்டோமேட்டிக் வண்டியை மலையில் ஓட்டும் அனைவரும் அறிய வேண்டியது இறங்குமுறை. இறக்கத்தில் நாம் மிதியிலிருந்து காலை எடுக்கிறோம். கேபிளின் எதிர்ப்பு அறவே நீங்குகிறது. வேகமோ இருக்கிறது. ஆகவே கியர்பெட்டி மேல் கியருக்குப் போய்விடும். நாம் தடையை எதிர்பார்க்கும் கணத்தில் அது பிடியை விடுகிறது. முழுப் பாரமும் பிரேக்கின் மேல் விழும். எங்கள் வண்டியில் நான்கு சக்கரங்களிலும் டிரம் பிரேக். நெடிய இறக்கத்தில் அவை சூடேறிப் பிடிப்பை இழக்கும். எனவே இறக்கம் தொடங்கும் முன்பே நெம்பை ‘டி’-யிலிருந்து ‘2’-க்கும், செங்குத்தான இடங்களில் ‘எல்’-லுக்கும் தள்ளிவிட வேண்டும். எந்தக் கியரில் ஏறினோமோ அந்தக் கியரில் இறங்கு என்று பழைய ஓட்டுநர்கள் சொல்லும் விதி இதற்கும் பொருந்தும். கருவியைச் செம்மை செய்துவிட்டோம் என்பதற்காக ஓட்டுநரின் பொறுப்பு குறைந்துவிடாது. கியர்பெட்டி பின்னால் நிகழ்ந்ததை மட்டுமே அறியும், முன்னால் வரும் வளைவைக் காண்பவர் ஓட்டுநர்.

அத்தா ஒரு மாதம் ஊருக்குள்ளும் புறவழிச்சாலையிலும் ஓட்டினார். இல்லாத இடக்கால் கிளட்ச்சைத் தேடுகிறது என்று முதல் வாரம் சொன்னார். இரண்டாம் வாரம் அதைப் பற்றிப் பேசவில்லை. ஒருநாள் அவர் அறியாமல் அம்மா பின்னிருக்கையில் ஏறி அமர்ந்துகொண்டார்கள். கோமுகி அணை வரை போய் வந்தார்கள். இறங்கியதும் என்னிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள்: “இறக்கத்துல அந்தக் குச்சியைத் தள்ளுறாரே, அதை மறந்துட மாட்டாருல்ல?” அத்தா வண்டியின் முகப்புப் பலகையில் ஒரு காகிதம் ஒட்டினார். பயண துஆவுக்குக் கீழே, இறக்கத்தில் ‘2’ என்று எழுதியிருந்தார். அம்மா அதற்குப் பிறகு எதிர்ப்புச் சொல்லவில்லை.

அவர் மலைக்குத் தாமே ஓட்டிச் சென்ற நாளில் தம்பி பக்கத்திலும் நாங்கள் பின்னாலும் இருந்தோம். வெள்ளிமலைக் கடைவீதியில் வண்டி நின்றதும், அறிந்தவர்கள் நால்வர் ஓடிவந்து அத்தாவின் பக்கத்துக் கதவைத் திறந்தார்கள். ஒரு முதியவர் அவரது செயற்கைக் காலைத் தொட்டுப் பார்த்து அழுதார். அவருடைய மகள் பிறந்த இரவில் அவர் மனைவியைக் கீழே கொண்டுவந்தவர் அத்தா. இருவரும் வெகுநேரம் பேசிக்கொண்டிருந்தார்கள். லுஹரை அங்கேயே, வண்டியின் நிழலில் நாற்காலி போட்டுத் தொழுதார்.

தமக்குரிய வரம்புகளை அத்தாவே வகுத்துக்கொண்டார். மழையிலும் மூடுபனியிலும் மலைக்குப் போவதில்லை. மஃரிபுக்குப் பின் சாவி தம்பியிடம். தனியே போவதில்லை. ஆறு மாதத்துக்கொரு முறை கண்ணும் பாதமும் சோதிக்கப்பட வேண்டும். மருத்துவர் வேண்டாமென்று சொல்லும் நாளில் மறுபேச்சில்லாமல் நிறுத்திவிடுவதாக அம்மாவிடம் வாக்குக் கொடுத்திருக்கிறார். எந்தச் சுமையில் எந்தக் கியர் என்பதை ஆயுள் முழுக்க அறிந்த மனிதர் அவர். தம் வயதையும் அவர் அவ்வாறே அளந்துகொண்டதாக எனக்குத் தோன்றியது.

உங்கள் வீட்டிலும் இப்படியொரு பெரியவர் இருக்கலாம். அவருக்கு வண்டி கூடாதென்றோ கூடுமென்றோ நாமே தீர்ப்பளித்துவிடுவதற்கு முன், மருத்துவரிடம் கேளுங்கள். வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் விதிகளைக் கேளுங்கள். புதிய வண்டியே ஏற்றதென்றால் அதையே வாங்குங்கள், செலவும் அலைச்சலும் குறைவு. பழைய வண்டியை மாற்றத் துணிந்தால், மென்மையாக ஓடுகிறது என்ற சொல்லோடு நின்றுவிடாதீர்கள். எண்ணெயின் நிறத்தைப் பாருங்கள், முகருங்கள், எந்த வேகத்தில் கியர் மாறுகிறதென்று எழுதி வையுங்கள். வேலை செய்தவர் மேல் ஐயம் கொள்ளச் சொல்லவில்லை. அந்த வண்டியில் அமரப்போகிறவர் நம் தாயோ தகப்பனோ என்பதற்காகச் சொல்கிறேன்.

அடுத்த மாதம் கேபிளையும் எண்ணெயையும் மறுபடி பார்க்க வேண்டும் என்று நோட்டில் எழுதியிருக்கிறேன், இன்ஷா அல்லாஹ். அத்தாவின் உடல்நலத்துக்கும், கால் இழந்து வீட்டுக்குள் முடங்கியிருக்கும் எல்லாப் பெரியவர்களுக்கும் துஆச் செய்யுங்கள்.

வஸ்ஸலாம்.